அடிச்சுட்டு வழிவிடணும்! - டபுள்ஸ் விதியையே வாழ்க்கையாக்கிய இச்சிரோ ஓகிமுரா

பேட்மின்டன் டபுள்ஸ் நிச்சயம் பார்த்திருப்பீங்க. ஷட்டில் எங்கே வந்தாலும், ஜோடியில யாருக்கு வசதியோ அவங்க அடிக்கலாம். ஒருத்தரே தொடர்ந்து நாலு ஷாட் அடிச்சாலும் யாரும் கேட்க மாட்டாங்க. டென்னிஸ் டபுள்ஸும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

டேபிள் டென்னிஸ் டபுள்ஸ்ல கதையே வேற. இந்த முறை நீங்க அடிச்சா, அடுத்த முறை உங்க பார்ட்னர்தான் அடிக்கணும். பந்து லட்டு மாதிரி உங்க கைக்கு நேரா வந்தாலும் தொடக் கூடாது. தொட்டா பாயின்ட் போச்சு. மேஜையோட அகலமோ ஒன்றரை மீட்டரை விடக் கொஞ்சம்தான் அதிகம். அந்த இடத்துக்குப் பின்னாடி ரெண்டு பேர் நிக்கணும், ஓடணும், மோதிக்காம ஆடணும். அதனால இந்த ஆட்டத்துல நல்லா அடிக்கத் தெரிஞ்சா மட்டும் போதாது. அடிச்ச அடுத்த நொடி விலகி, பார்ட்னருக்கு வழிவிடத் தெரியணும்.

இந்த விளையாட்டில் 12 முறை உலக சாம்பியன் ஆனவர் ஜப்பானின் இச்சிரோ ஓகிமுரா. யாருக்கும் வழிவிடாத, தன்னைத் தானே வாட்டி எடுத்துக்கொண்ட முரட்டு இளைஞராகத்தான் அவர் தொடங்கினார். அப்படிப்பட்டவர், பேசிக்கொள்ளவே தயாராக இல்லாத இரண்டு நாடுகளை மேஜையின் ஒரே பக்கத்தில் நிற்க வைத்தார். அந்தப் பயணத்தைத்தான் இப்போ பார்க்கப் போறோம்.

பதினாறு வயதில் தொடங்கிய வெறி

ஓகிமுரா பிறந்தது 1932 ஜூன் 25. ஊர், ஷிசுவோகா மாகாணத்தின் கடற்கரை நகரமான இத்தோ. சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தார். வேலை பார்த்து அவரை வளர்த்தது அம்மாதான். போர் முடிந்தபோது அவருக்கு 13 வயது. டோக்கியோ எரிந்து கிடந்தது. சாப்பாட்டுக்கே வரிசையில் நின்ற காலம் அது.

இன்றைய சாம்பியன்கள் பலர் ஐந்து, ஆறு வயதிலேயே பேட் பிடித்துவிடுகிறார்கள். ஓகிமுரா டேபிள் டென்னிஸ் பக்கம் வந்தது உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பிறகு, சுமார் 16 வயதில். ரொம்ப லேட்னு தோணுதா? அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். இழந்த வருடங்களை எல்லாம் உடம்பிலிருந்தே வசூலிப்பதுபோல பயிற்சி செய்தார்.

டோக்கியோவின் கிச்சிஜோஜி பகுதியில் முசாஷினோ என்ற சின்ன டேபிள் டென்னிஸ் கூடம் இருந்தது. காசு கொடுத்து யார் வேண்டுமானாலும் ஆடலாம். அதை நடத்தியவர் ஹிசாயே உயேஹாரா என்ற பெண்மணி. ஓகிமுரா அங்கேயே பழியாகக் கிடந்தார். ஆட ஆள் கிடைத்தால் ஆட்டம், கிடைக்காவிட்டால் தனியாக செர்வ் பயிற்சி. அதுவும் முடிந்தால் ஓட்டம், குந்தி உட்கார்ந்தபடியே முயல்போல தாவித் தாவிச் செல்லும் பயிற்சி. ஒவ்வொரு நாள் ஆட்டத்தையும் நோட்டில் எழுதி, எங்கே தவறு என்று தன்னையே குறுக்கு விசாரணை செய்தார்.

அவரோடு ஆடுவது மற்றவர்களுக்குச் சுலபமாக இருக்கவில்லை. தன்னிடம் எதிர்பார்த்த அதே கடுமையை அடுத்தவரிடமும் எதிர்பார்த்தார். பொழுதுபோக்காக ஆட வந்தவர்களுக்கு அந்தத் தீவிரம் ஒத்துவரவில்லை. உயேஹாரா மட்டும் அந்தப் பையனைக் கைவிடவில்லை. கூடத்தின் கதவு அவருக்காகத் திறந்தே இருந்தது.

ஸ்டேஷன் வாசலில் திரட்டிய காசு

1952-ல் உலக டேபிள் டென்னிஸ் சாம்பியன்ஷிப் நம்ம பம்பாயில் நடந்தது. ஆசியாவில் அந்தப் போட்டி நடந்தது அதுதான் முதல் முறை. அங்கே ஹிரோஜி சாட்டோ என்ற ஜப்பானியர் தடிமனான ஸ்பான்ஞ் ஒட்டிய பேட்டோடு வந்தார். அதுவரை வீரர்கள் பந்து பேட்டில் படும் சத்தத்தை வைத்தே அதன் வேகத்தைக் கணித்தார்கள். ஸ்பான்ஞ் அந்தச் சத்தத்தை விழுங்கிவிட்டது. பந்து எப்போது கிளம்பியது, எப்படி வருகிறது என்று புரியாமல் பெரிய பெரிய ஐரோப்பிய வீரர்கள் எல்லாம் திணற, சாட்டோ உலக சாம்பியன் ஆனார். போரில் தோற்றுத் தலைகுனிந்திருந்த ஜப்பானுக்கு அது பெரிய செய்தி.

அடுத்து ஜப்பான் கலந்துகொண்டது 1954 லண்டன் போட்டியில். அணியில் ஓகிமுராவுக்கு இடம் கிடைத்தது. கூடவே ஒரு பில்லும் வந்தது. சங்கத்திடம் பணம் இல்லாததால் செலவுக்கு வீரர்களே 8 லட்சம் யென் திரட்ட வேண்டியிருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஓர் இளைஞர், ஒரு பைசா செலவழிக்காமல் பல வருடம் சேர்த்தால்தான் அந்தத் தொகை வரும். ஓகிமுராவோ நிஹோன் பல்கலைக்கழகத்தில் சினிமா படித்துக்கொண்டிருந்த மாணவர்.

என்ன செய்வது? முசாஷினோ கூடத்து ஆட்கள் தெருவில் இறங்கினார்கள். கிச்சிஜோஜி, மிட்டாகா ரயில் நிலையங்களின் வாசலில் நின்று, போகிற வருகிறவர்களிடம் நன்கொடை கேட்டார்கள். ஆபீஸ் முடிந்து வீடு திரும்பும் மனிதர்கள் தங்கள் சில்லறையைப் போட்டார்கள். இப்போ நாம ஆன்லைன்ல நடத்துற நிதி திரட்டலை, அவங்க ஸ்டேஷன் வாசல்ல வெயில்ல நின்னு நடத்தினாங்க.

தனக்காகவே, தனியாகவே உழைக்கிறேன் என்று நினைத்திருந்தால், அந்த எண்ணம் அங்கே உடைந்திருக்கும். அவர் லண்டனுக்குப் போனது முகம் தெரியாத நூற்றுக்கணக்கான பேரின் காசில்.

கைதட்டல் இல்லாத அரங்கம்

லண்டனில் காத்திருந்தது வெறுப்பு. போர் முடிந்து ஒன்பது வருடம்தான் ஆகியிருந்தது. ஜப்பானியரிடம் கைதிகளாக இருந்து சித்ரவதைப்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் பலர் அந்த ஊரில்தான் இருந்தார்கள். சயாம் - பர்மா ரயில் பாதையைக் கேள்விப்பட்டிருப்பீங்க. பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகளோடு, மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களும் ஆயிரக்கணக்கில் மடிந்த பாதை அது. அந்தக் கோபம் நியாயமான இடத்திலிருந்து வந்தது. ஆனால், அதை எதிர்கொள்ள வேண்டியிருந்தது, போர் முடிந்தபோது பள்ளிச் சிறுவனாக இருந்த 21 வயது இளைஞர்.

அந்தச் சூழலில் ஓகிமுரா ஆடினார். ஸ்வீடனின் டாகே ஃப்ளிஸ்பெர்கை இறுதிப் போட்டியில் வீழ்த்தி ஒற்றையர் உலக சாம்பியன் ஆனார். ஜப்பான் ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் டீம் பட்டங்களை வென்றன. பேட் பிடித்த ஆறே வருடத்துக்குள் உலகத்தின் உச்சி! கோப்பையை வாங்கிவிடலாம். அரங்கத்தின் மனதை வாங்குவது எப்படி? தன் நாட்டை உலகம் எந்தக் கண்ணோடு பார்க்கிறது என்பதை அவர் நேருக்கு நேர் பார்த்தார். பின்னாளில் அவர் செய்த பல வேலைகளுக்கு விதை விழுந்தது அங்கேதான்.

பன்னிரண்டில் பத்து

அடுத்த ஏழு வருடம் ஓகிமுராவின் காலம். 1954, 1955, 1956, 1957, 1959 என்று நடந்த ஐந்து உலகப் போட்டிகளிலும் ஜப்பான் ஆண்கள் அணியே டீம் பட்டத்தைத் தட்டியது. ஐந்திலும் ஓகிமுரா இருந்தார். 1956 டோக்கியோ போட்டியில், சொந்த மண்ணில், சக வீரர் தோஷியாகி தனாகாவை வென்று இரண்டாவது முறை ஒற்றையர் பட்டம். அடுத்த வருடம் ஸ்டாக்ஹோமில் அதே தனாகா அவரை இறுதிப் போட்டியில் தோற்கடித்துக் கணக்கைத் தீர்த்தார்.

இப்போ டபுள்ஸ் கணக்கைப் பாருங்க. 1956-ல் யோஷியோ டோமிட்டாவுடன் ஆண்கள் இரட்டையர். 1959 டார்ட்மண்டில் டெருவோ முராகாமியுடன் மறுபடியும் அதே பட்டம். கலப்பு இரட்டையரில் 1957, 1959 இரண்டு முறை ஃபுஜியே எகுச்சியுடன். 1961 பீஜிங்கில் கிமியோ மட்சுசாகியுடன். ஆக, டபுள்ஸில் மட்டும் ஐந்து உலகப் பட்டங்கள், நான்கு வெவ்வேறு பார்ட்னர்கள்.

கூட்டிப் பார்த்தால் 12 பட்டங்கள். தனியாக வென்றவை இரண்டே இரண்டு. மீதி பத்தும் அடுத்தவர் தோளோடு தோள் நின்று வென்றவை.

பார்ட்னர் மாறினால் டபுள்ஸில் எல்லாமே மாறும் என்பது ஆடியவர்களுக்குத் தெரியும். ஒருவர் மேஜையை ஒட்டி நிற்பார், இன்னொருவர் பின்னால் தள்ளி ஆடுவார். ஒருவருக்கு வேகம் பலம், இன்னொருவருக்குப் பொறுமை. நீங்க அடிக்கிற பந்து எப்படித் திரும்பி வரப்போகுதோ, அதைச் சமாளிக்கப்போறது நீங்க இல்லை, உங்க பார்ட்னர். ஆக, உங்க ஷாட்டை அவருக்குத் தோதா அடிக்கணும். நாலு பேரோடு ஜெயித்தவர், நாலு பேரின் கால்கள் எப்படி நகரும் என்று படித்திருக்க வேண்டும்.

போட்டியாளருக்கே பாடம் எடுத்தவர்

உச்சத்தில் இருக்கும்போதே ஓகிமுரா ஒரு விசித்திரமான காரியம் செய்தார். 1959-ல் ஸ்வீடனுக்குப் போய், அங்கிருந்த வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். லண்டன் இறுதிப் போட்டியில் தன்னை எதிர்த்து நின்ற ஃப்ளிஸ்பெர்கின் நாடு அது.

பயிற்சி வழக்கம்போல ஈவு இரக்கம் இல்லாதது. ஓட்டம், தாவல், திரும்பத் திரும்ப அதே ஷாட். தாங்க முடியாமல் பலர் விலகிக்கொள்ள, ஹான்ஸ் ஆல்சேர் என்ற இளைஞர் மட்டும் பிடிவாதமாக நின்றார். 1962-ல் அவர் ஐரோப்பிய சாம்பியன். 1967, 1969 இரண்டு உலகப் போட்டிகளிலும் ஷெல் யோஹான்சனோடு சேர்ந்து ஆண்கள் இரட்டையர் பட்டத்தை ஸ்வீடனுக்குக் கொண்டுபோனார். ஓகிமுராவும் டோமிட்டாவும் முராகாமியும் வென்ற அதே பட்டம்!

அடுத்து ஸ்டெல்லன் பெங்ட்சன். இந்த ஸ்வீடன் பையன் ஜப்பானுக்கே வந்து ஓகிமுராவிடம் கற்றுக்கொண்டார். 1971-ல் நகோயாவில் உலகப் போட்டி. இறுதிப் போட்டியில் 18 வயது பெங்ட்சன் எதிர்கொண்டது, முந்தைய போட்டியின் சாம்பியனான ஜப்பானின் ஷிகேவோ இட்டோவை. ஜெயித்தது பெங்ட்சன். ஜப்பான் மண்ணில், ஜப்பான் வீரரை, ஜப்பானியர் சொல்லிக்கொடுத்த ஆட்டத்தால் ஒரு வெளிநாட்டுப் பையன் வீழ்த்தினான்.

நம்ம ஊர் கிரிக்கெட் கோச் ஒருத்தர் இப்படிச் செஞ்சிருந்தா, சோஷியல் மீடியாவில் என்ன பாடு பட்டிருப்பார்னு யோசிச்சுப் பாருங்க. ஓகிமுராவின் கணக்கு வேறு. எதிர்ப்பக்கம் ஆள் நல்லா வளர்ந்தாத்தான் ஆட்டமே வளரும். தான் அடித்தாகிவிட்டது. அடுத்த ஷாட் இன்னொருவருடையது.

சீனாவும் ஒரு பஸ் பயணமும்

1961-ல் பீஜிங்கில் நடந்த உலகப் போட்டியில் ஜப்பான் ஆண்கள் அணியின் ஐந்து பட்டத் தொடர் முடிவுக்கு வந்தது. முடித்து வைத்தது சீனா. ஜப்பானின் அதிரடி ஆட்டத்தைச் சீனர்கள் உன்னிப்பாகப் படித்துத் தயாராகியிருந்தார்கள்.

அந்தத் தோல்விக்குப் பிறகும் ஓகிமுரா சீனாவோடு கொண்ட உறவை விடவில்லை. சீனப் பிரதமர் சௌ என்லாய் அவரைச் சந்தித்துப் பேசினார். பெண்களின் பாதங்களைக் கட்டிச் சிறுத்துப்போக வைத்த பழைய வழக்கமும், அபினும் தன் மக்களின் உடலைக் கெடுத்துவிட்டன என்பது சௌ என்லாயின் கவலை. எல்லா ஊரிலும் விளையாட வைக்க ஒரு விளையாட்டு வேண்டும். வெளிநாட்டிலிருந்து எதையும் வாங்காமல், உள்ளூர் தச்சரே மேஜை செய்துகொள்ளக்கூடிய டேபிள் டென்னிஸைச் சீனா தேர்ந்தெடுத்ததன் பின்னணியாக ஓகிமுரா பின்னாளில் சொல்லிவந்தது இதைத்தான்.

பிறகு கலாசாரப் புரட்சி வந்தது. 1967, 1969 உலகப் போட்டிகளுக்குச் சீனா வரவே இல்லை. வீரர்கள் பலர் அவமானப்படுத்தப்பட்டார்கள். சீனா மறுபடியும் மேஜைக்கு வர வேண்டும் என்று வலியுறுத்தியவர்களில் ஓகிமுராவும் ஒருவர். நேரடிப் பேச்சுவார்த்தையை நடத்தி முடித்த பெருமை ஜப்பான் டேபிள் டென்னிஸ் சங்கத் தலைவர் கோஜி கோட்டோவுக்குப் போய்ச் சேர வேண்டும். 1971 தொடக்கத்தில் பீஜிங்குக்கே போய் அழைத்தவர் அவர்தான்.

சீன அணி நகோயா வந்தது. அங்கே அமெரிக்க வீரர் கிளென் கோவன் சீன அணியின் பஸ்ஸில் ஏற, சீன சாம்பியன் சுவாங் சேதுங் எழுந்துபோய் அவருக்கு ஒரு பட்டுச் சித்திரத்தைப் பரிசளித்தார். அந்த ஒரு பஸ் பயணம் அமெரிக்க அணியைச் சீனாவுக்கு அழைத்துச் சென்றது. அடுத்த பிப்ரவரியில் அதிபர் நிக்சனே பீஜிங் போனார். பிங்பாங் ராஜதந்திரம் என்று பாடப் புத்தகத்தில் படிக்கிறோமே, அது இதுதான்.

ஒரு சின்னப் பந்தால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை ஓகிமுரா பக்கத்திலிருந்து பார்த்தார்.

இரண்டு கொரியா, ஒரே ஜெர்சி

1987-ல் ஓகிமுரா உலக டேபிள் டென்னிஸ் சம்மேளனத்தின் தலைவர் ஆனார். நம்ம டெல்லியில் உலகப் போட்டி நடந்த அதே வருடம். அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆசியர் அவர். அடுத்த வருடமே சியோலில் டேபிள் டென்னிஸ் முதல் முறையாக ஒலிம்பிக்ஸுக்குள் நுழைந்தது. கரும்பச்சை மேஜையைப் பார்த்து இளைஞர்கள் சோகமான விளையாட்டு என்று ஒதுக்குகிறார்களே என்று, மேஜைக்கு நீல நிறம் கொண்டுவரப் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். இன்று டிவியில் நீங்க பார்க்கிற பளிச் நீலத்துக்குப் பின்னால் அந்த முயற்சியும் இருக்கிறது.

ஆனால், அவர் மனதில் இருந்த பெரிய வேலை வேறு. 1991 உலகப் போட்டி ஜப்பானின் சிபா நகரில் நடக்க இருந்தது. அதில் தென் கொரியாவும் வட கொரியாவும் ஒரே அணியாக ஆட வேண்டும்!

நினைச்சுப் பாருங்க. 1945-ல் பிரிந்த தேசம். நடுவில் ஒரு போர். எல்லையின் இரண்டு பக்கமும் துப்பாக்கிகள். கடிதம்கூடப் போகாத குடும்பங்கள். ஓகிமுரா இரண்டு தலைநகரங்களுக்கும் மாறி மாறிப் போனார். ஒரு முறை, இரண்டு முறை இல்லை. இரண்டு கொரியாக்களுக்கும் சேர்த்து 30 முறைக்கு மேல் பயணம் செய்தார். இங்கே ஒரு சந்தேகம் தீர்ந்தால் அங்கே ஒரு சந்தேகம் முளைக்கும். மறுபடியும் விமானம் ஏறுவார். கொரியாவைப் பல பத்தாண்டுகள் காலனியாக அடக்கி ஆண்ட ஜப்பானின் குடிமகன் ஒருவர் இந்த வேலையைச் செய்தார் என்பதையும் மறந்துடாதீங்க.

1991 பிப்ரவரியில் இரண்டு கொரியாக்களும் உடன்பட்டன. பிரிவினைக்குப் பிறகு முதல் முறையாக ஒன்றுபட்ட கொரிய அணி. வெள்ளைக் கொடியில் நீல நிறத்தில் முழுக் கொரியாவின் வரைபடம். தேசிய கீதத்துக்குப் பதிலாக இரண்டு பக்க மக்களுக்கும் தாலாட்டுபோலத் தெரிந்த ஆரிராங் நாட்டுப்பாடல். வீரர்கள் ஜப்பானில் சுமார் ஒரு மாதம் சேர்ந்து தங்கி, சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து பயிற்சி செய்தார்கள்.

பெண்கள் டீம் இறுதிப் போட்டியில் எதிரே நின்றது சீனா. 1975 முதல் தொடர்ந்து எட்டு முறை அந்தப் பட்டத்தை வென்ற அணி. வட கொரியாவின் யூ சுன்போக், சீன நட்சத்திரம் டெங் யாபிங்கைச் சாய்த்தார். தென் கொரியாவின் ஹியுன் ஜங்ஹ்வா தன் ஆட்டத்தை வென்றார். 2-0. அடுத்து டபுள்ஸ். தெற்கின் ஹியுனும் வடக்கின் லி புன்ஹுயியும் ஜோடி. சினிமாவா இருந்தா அந்த ஜோடிதான் ஜெயிச்சிருக்கும், இல்லையா? நிஜத்தில் தோற்றார்கள். அடுத்த ஆட்டத்தில் ஹியுனும் டெங்கிடம் தோற்க, 2-2. கடைசி ஆட்டத்தில் மறுபடியும் யூ வந்தார். வென்றார். கொரியா உலக சாம்பியன்!

அழுதுகொண்டே கட்டிப்பிடித்த பெண்களில் யார் வடக்கு, யார் தெற்கு என்று ஜெர்சியைப் பார்த்துச் சொல்ல முடியாது. எல்லோருக்கும் ஒரே ஜெர்சி.

போட்டி முடிந்ததும் அவர்கள் வேறு வேறு பஸ் ஏறித் தங்கள் தங்கள் நாட்டுக்குத் திரும்பினார்கள். எல்லை அப்படியேதான் இருந்தது. அடுத்த உலகப் போட்டியில் மறுபடியும் இரண்டு அணிகள். ஓகிமுரா செய்தது தோல்வியா என்று கேட்டால், அதற்கு நேரான பதில் இல்லை. ஒரு விளையாட்டுப் போட்டியால் ஒரு தேசத்தைச் சேர்த்துவைக்க முடியாது. சேர்ந்து நின்றால் எப்படி இருக்கும் என்று காட்டத்தான் முடியும்.

அடுத்த ஷாட்

1994 டிசம்பர் 4 அன்று நுரையீரல் புற்றுநோயால் ஓகிமுரா இறந்தார். வயது 62. அப்போதும் அவர்தான் உலக சம்மேளனத்தின் தலைவர். ஜப்பான் ஓப்பன் போட்டிக்கு ஓகிமுரா கோப்பை என்று அவர் பெயரைச் சூட்டினார்கள். சிபா கதையை 2012-ல் கொரியர்கள் சினிமாவாகவும் எடுத்தார்கள்.

2018 மே மாதம். ஸ்வீடனின் ஹால்ம்ஸ்டாட் நகரில் உலக டீம் சாம்பியன்ஷிப். ஆல்சேரையும் பெங்ட்சனையும் ஓகிமுரா செதுக்கிய அதே நாடு. பெண்கள் காலிறுதியில் தென் கொரியாவும் வட கொரியாவும் எதிரெதிரே மோத வேண்டும். இரண்டு அணிகளும் அரங்கத்துக்குள் வந்தன, மோதவில்லை. நாங்கள் ஒரே அணியாக ஆடப்போகிறோம் என்று அறிவித்துவிட்டு, சேர்ந்தே அரையிறுதிக்குப் போனார்கள். ஓகிமுரா இறந்து அப்போது 23 வருடங்கள் தாண்டியிருந்தன. முப்பது முறை விமானம் ஏறி யாரும் கெஞ்சத் தேவைப்படவில்லை.

நம்மில் பலருக்கு வேலையிலும் சரி, வீட்டிலும் சரி, எல்லா ஷாட்டையும் நாமே அடிக்கணும்னு ஒரு பதற்றம். குரூப் பிராஜெக்ட்டை அடுத்தவரிடம் கொடுக்க மனசு வராது. ஜூனியருக்குச் சொல்லிக்கொடுத்தா நம்ம இடம் போயிடுமோன்னு பயம். ஓகிமுராவும் ஆரம்பத்தில் கிட்டத்தட்ட இந்த ரகம்தான். உடம்பு வலிக்க வலிக்கப் பயிற்சி செய்வதை அவர் கடைசிவரை குறை சொன்னதில்லை. தன் முறை வந்தால் முழு பலத்தோடு அடித்தார். அடித்த பிறகு, அடுத்தவருக்கு இடம் விட்டு நகர்ந்தார்.

அடுத்த முறை ஆபீஸ்லயோ ஹாஸ்டல்லயோ டேபிள் டென்னிஸ் மேஜையைப் பார்த்தா, மூணு பேரைக் கூட்டிட்டு ஒரு டபுள்ஸ் ஆடிப் பாருங்க. முதல் பத்து நிமிஷம் பார்ட்னரை இடிச்சுட்டே இருப்பீங்க. அதுக்கப்புறம் கால் தானா விலகக் கத்துக்கும்.